ஒலிக்காட்டி

குன்றத்தூர்
19.08.2024, திங்கள்

அன்புள்ள மாசானம் அவர்களுக்கு,

இக்கடிதத்தைத் தபாலில் அனுப்புவதற்கு மூன்று காரணங்கள். உங்கள் விளையாட்டுக் கணக்கு பூட்டப்பட்டுவிட்டதால் அங்கே செய்தி அனுப்ப இயலவில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிய நீங்கள் என் எண்ணையும் தடுத்துவிட்டீர்கள். தொலைபேசி அழைப்பை ஒருநாளும் நீங்கள் எடுத்ததில்லை. மண்ணூர் முகவரி, சென்ற ஆண்டு உங்களுக்கு ஹெட்செட் வாங்கி அனுப்பியபோது குறித்து வைத்தது.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு நிறுவனத்திடம் உங்கள் மீது புகார் அளித்தவன் நான். யாக்கோபு அல்ல. விலகுவதற்கு முன் குழுவில் அவரைத் திட்டி நீங்கள் எழுதியது அவருக்குச் சேராது; எனக்குச் சேரும்.

நம் அணிக்கு ‘ஜெனரல் ஷிப்ட்’ என்று பெயர் வைத்தவர் நீங்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வெவ்வேறு ஆலைகளில் வேலை செய்யும் பதினைந்து பேரை, மூன்று ஷிப்டுகளுக்கும் பொருந்தும்படி ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ‘எம்பர்மூர்’ என்ற கணினி விளையாட்டின் கோட்டை முன் கொண்டுவந்து நிறுத்தியவரும் நீங்கள். போர்த் தலைமை உங்களுடையது. விதிகளும் பதிவுகளும் என்னுடையவை. அந்த விதிகளில் பதினேழாவது, விளையாட்டு நிறுவனம் ஒப்புக்கொள்ளாத துணைநிரல் (ஆட்-ஆன்) எதையும் எவரும் பயன்படுத்தக் கூடாது என்கிறது. தலைவருக்கு விலக்கு என்று அதில் எழுதப்படவில்லை.

துணைநிரல்களுக்கு நான் எதிரி அல்ல. நானே ஆறு வைத்திருக்கிறேன். ஐம்பது வயதுக் கண்களுக்காக எழுத்தைப் பெரிதாக்குவது ஒன்று. அடுத்த தாக்குதலுக்கு எத்தனை நொடி என்று காட்டும் பட்டை ஒன்று. அது இல்லாவிட்டால் நான் இரண்டு நிமிடம் தாங்க மாட்டேன். யார் எவ்வளவு அடித்தார் என்று கணக்கிடும் அளவி இன்னொன்று. அதனால் விளைந்த நன்மையை விட மனக்கசப்பே அதிகம் என்பதையும் அறிவேன். பட்டியலில் கடைசியாக வந்ததற்காக யாக்கோபு ஒரு மாதம் நம்மோடு பேசவில்லை. விளையாட்டு புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் இந்த ஆறில் நான்கு செயலிழக்கும். அதன்பின் அவற்றை எழுதிய முகமறியாத ஒருவர் எப்போது மனமிரங்கித் திருத்துவார் என்று காத்திருக்க வேண்டும். இந்தச் சலிப்புகளையெல்லாம் பொறுத்துக்கொண்டு நான் வரம்புக்குள்தான் நின்றேன்.

ஆகஸ்ட் நான்காம் தேதி ஆட்டத்தின் பதிவை நீங்களே பகிர்ந்தீர்கள். மேற்கு வாசலில் உங்கள் பின்னால் வில்லாளி நாண் இழுக்கும் ஒலி எட்டு முறை எழுகிறது. எட்டு முறையும் அக்கணமே, சரியான திசைக்கு, திரும்புகிறீர்கள். திரை ஓரத்தில் வெள்ளைக் கோடு மின்னுகிறது. அது ஒலியை ஒளியாக்கிக் காட்டும் ‘ஒலிக்காட்டி’யின் கோடு. அந்தத் துணைநிரல் ஜூலைப் புதுப்பிப்போடு செயலிழந்துவிட்டது. ஆகவே நீங்கள் வெளியிலிருந்து ஏதோ ஒன்றை இயக்கியிருக்கிறீர்கள். இது ஐயத்துக்கு இடமில்லாதது.

ஒரு வாரத் தடை விதிப்பார்கள் என்றுதான் எண்ணினேன். நிரந்தரப் பூட்டு என்று தெரிந்தபோது எனக்கும் வருத்தமே. நேற்று நீங்களின்றி மூன்று முறை தோற்றோம். மேல்முறையீடு செய்யுங்கள், தவறை ஒப்புக்கொண்டு எழுதினால் நானும் கையொப்பமிடுகிறேன்.

தங்கள்,
ப. பாண்டுரங்கன்


மண்ணூர்
27.08.2024

பாண்டுரங்கன் அண்ணாச்சிக்கு,

ஒங்க லெட்டரை ரூம்ல நாலு பேரு பாத்துட்டுத்தான் என் கையில குடுத்தானுவ. டைப் அடிச்சு, தேதி போட்டு, ப்ரவுன் கவர்ல வந்திருக்குலா, கோர்ட்டு நோட்டீஸ்னு பயந்துட்டானுவ. “யாரைலே அடிச்ச?”ன்னு கேக்கான் ஒருத்தன். நான் அடிச்சவன் இல்ல, அடி வாங்குனவன்னு சொன்னேன்.

நீங்கதான்னு நெனச்சிருக்கணும். யாக்கோபுக்கு அவ்வளவு பொறுமை கெடையாது. எட்டு தடவை திரும்புனதை ஒக்காந்து எண்ண ஒங்களாலதான் முடியும்.

இப்ப நான் சொல்லுறதை ஒரு தடவை படிங்க. எண்ணாதீங்க.

நீங்க வாங்கி அனுப்புன ஹெட்செட்டு பொட்டியோட சாமான் ஷெல்புல கெடக்கு. பிளாஸ்டிக் கூடப் பிரிக்கல. மைக்கு கெட்டுப் போச்சுன்னு மூணு வருசமா நான் சொன்னது பொய். எனக்குக் காது சரியாக் கேக்காது அண்ணாச்சி. முழுசா இல்ல. கனத்த சத்தம் கேக்கும். லாரி கேக்கும், பிரஸ் விழுறது கேக்கும். மெல்லிசான சத்தம்தான் போயிருச்சு. போன் மணி, குக்கர் விசில், எம் பொண்ணு பேசுறது. ஆம்பளை எதிர்ல நின்னு பேசுனா வாயைப் பாத்து சமாளிச்சிருவேன். போன்லயும் வாய்ஸ் சாட்லயும் எதைப் பாக்க?

எட்டு வருசம் பிரஸ் ஷாப்பு, மெஷின்ல இரும்புத் தகடை அடிச்சு வளைக்குற எடம். அஞ்சு வருசம் இந்தக் கம்பெனி, அதுக்கு முன்னால மூணு வருசம் வேற எடம். காதுல வைக்க அடைப்பான் குடுப்பாங்க. வச்சா பக்கத்துல நிக்கிறவன் கத்துறது கேக்காது, அதனால யாரும் வைக்க மாட்டோம். இப்ப அடைப்பானே தேவையில்ல, காதே அடைச்சிருச்சு.

அந்த விளையாட்டுல வில்லு நாண் இழுக்குற சத்தம்னு ஒண்ணு இருக்குறதே ஒலிக்காட்டி போட்ட பொறவுதான் எனக்குத் தெரியும். மொத நாளு வெள்ளைக் கோடு மின்னுன பக்கம் திரும்புனா அங்கன ஒருத்தன் அம்போட நிக்கான். எனக்கு அழுகை வந்துட்டு. அதுவரைக்கும் யாரு அடிக்கான்னே தெரியாமத்தான் செத்துக்கிட்டு இருந்தேன். தலைவரு ஆனதெல்லாம் அதுக்குப் பொறவு.

ஜூலை அப்டேட்டுல அது போச்சு. எழுதுனவரு ஆளே காணோம். மூணு ஞாயித்துக்கிழமை மண்ணாந்தை மாதிரி நின்னேன். “தலைவர் தூங்குதார்”னு யாக்கோபு போட்டான், நீங்களும் சிரிச்ச பொம்மை போட்டீங்க. அதான் நானே ஒண்ணு எழுதுனேன். கம்ப்யூட்டர்ல இருந்து வெளிய வர்ற சத்தத்தைப் பிடிச்சுக் கோடா மாத்தும். ரூல்ல தப்புன்னு தெரியும். நீங்க எழுத்தைப் பெரிசாக்குனா அது வசதி, நான் சத்தத்தை வெளிச்சமாக்குனா அது களவாணித்தனமா?

இது யாருக்கும் தெரியாது. கம்பெனியில தெரிஞ்சா லைன்ல நிக்க விட மாட்டாங்க. வருசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் எடுக்க வேன் வரும். கண்ணாடிக் கூண்டுல ஒக்கார வச்சு, சத்தம் கேட்டா கையைத் தூக்கச் சொல்லுவாங்க. வெளிய நிக்கிற ஆளு பட்டனை அமுக்கும்போது அவன் வலது முழங்கை கொஞ்சம் எறங்கும். முழங்கை எறங்குறப்பல்லாம் கையைத் தூக்குவேன். நடுவுல ரெண்டைத் தூக்காம விடுவேன், நம்பணும்லா. மூணு வருசமா நார்மல்.

ஒங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். இதுக்கும் புகார் குடுத்துராதீங்க.

மாசானம்


குன்றத்தூர்
31.08.2024, சனி

அன்புள்ள மாசானம் அவர்களுக்கு,

எண்ண வேண்டாம் என்றீர்கள். ஆயினும் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் என்பதைத் தெரிவிக்கிறேன்.

புகாரில் எழுதிய உண்மைகள் சரியானவை. அவற்றை எழுதுவதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. என் தொழிலில் கூட, குறையைப் பதிவதற்கு முன் சம்பந்தப்பட்டவரின் விளக்கத்தைப் பெறுவது கட்டாயம். அதை என் நண்பருக்கு நான் செய்யவில்லை. அந்தச் சிரித்த பொம்மையையும் சேர்த்து, மன்னிக்கக் கோருகிறேன்.

விளையாட்டு நிறுவனத்துக்கு இரண்டு பக்க முறையீடு அனுப்பினேன். உங்கள் உடல்நிலையைக் குறிப்பிடாமல், பொதுவாகச் செவித்திறன் குறைந்தவர்களுக்கு அவர்கள் வேறு வழி எதையும் விட்டுவைக்கவில்லை என்று வாதிட்டேன். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது: முடிவு மறுபரிசீலனைக்கு உட்பட்டதல்ல. இரண்டு பக்கத்தை நான்கு நிமிடத்தில் படித்து முடிவெடுக்கும் மனிதர் எவரும் அங்கே இருப்பதாக நான் நம்பவில்லை.

ஆனால் என் கவலை இப்போது விளையாட்டைப் பற்றியதல்ல. பிரஸ் இறங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை பஸ்ஸர் ஒலிக்கும். மெல்லிய, கூர்மையான ஒலி. அது உங்களுக்குக் கேட்கிறதா? தயவுசெய்து இதற்கு நேரடியான பதில் எழுதுங்கள்.

இன்னொன்றையும் நான் மறைக்கக் கூடாது. உங்கள் ஆலையிலிருந்து கார் கதவுத் தகடு வாங்கும் நிறுவனத்தில்தான் நான் தணிக்கையாளன். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி அங்கே வரப்போகும் தணிக்கைக்குழு நான் ஒருவன்தான். ஆய்வுக்குரிய ஆவணங்களில் பணியாளர் செவிப் பரிசோதனைப் பதிவேடும் உண்டு. புறப்படுவதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: அங்கே உங்களுக்கு உறவினர், முன்னாள் சக ஊழியர், வணிகப் பங்காளி எவரேனும் உண்டா என்று. இல்லை என்று எழுதினேன். நாம் நேரில் சந்தித்ததுகூட இல்லை. ஆகவே அது பொய்யல்ல. அந்தப் படிவத்தை இன்று மீண்டும் எடுத்துப் பார்த்தேன்.

நீங்களே உங்கள் நிறுவன மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. இரைச்சலால் வரும் காது கேளாமை சட்டப்படி தொழில்சார் நோய். அதை மறைக்க வேண்டிய குற்றவாளி நீங்கள் அல்ல.

தங்கள்,
பாண்டுரங்கன்


மண்ணூர்
05.09.2024

அண்ணாச்சிக்கு,

நேரடியான பதில்: கேக்காது.

பஸ்ஸர் கூடவே ஒரு செகப்பு லேம்ப் உண்டு. அது எரிஞ்சா போதும், நான் ராசா. மே மாசம் ஃபியூஸ் போச்சு. மெயின்டனன்ஸ்ல எழுதிக் குடுத்தோம். “பஸ்ஸர் வேலை செய்யுதுல்ல, அப்புறம் இன்னா?”ன்னுட்டாங்க.

அதுக்காகக் கையை உள்ள விட்டுட்டு நிக்கேன்னு நெனைக்காதீங்க. எனக்கு எதிர்ப்பக்கம் தசரதன்னு ஒருத்தன் நிப்பான். உள்ளூர்க்காரன், எனக்கு ரெண்டு வருசம் சீனியர், அவனும் என்னை மாதிரி கான்ட்ராக்ட்தான். பஸ்ஸர் அடிச்சதும் கையை வெளிய எடுத்துப் பின்னால போவான்லா, அதுக்கு முன்னால அவன் இடது தோளு லேசா ஒசரும். அதைப் பாத்து நானும் வெளிய வந்துருவேன். நாலு மாசமா ஒரு தடவை கூடத் தப்பல. அவன்தான் எனக்கு ஆட்-ஆன். அது அவனுக்கே தெரியாது. அவன் லீவு போட்டா நானும் லீவு. அப்டேட் வந்து ஆட்-ஆன் சாகுற மாதிரிதான், ஆள் மாறுனா நான் குருடு. போன மாசம் அவன் மச்சினிச்சி கல்யாணத்துக்கு மூணு நாளு போனான், எனக்கும் மூணு நாளு காய்ச்சல். சூப்பர்வைசர் கேக்காரு, “ரெண்டு பேருக்கும் ஒரே ரேஷன் கார்டாடா?”ன்னு.

அண்ணாச்சி, இப்ப நான் கெஞ்சுதேன். அக்டோபர்ல பன்னெண்டு பேரை பர்மனென்ட் ஆக்குறாங்க. அஞ்சு வருசம் காத்துக் கெடந்து லிஸ்ட்ல என் பேரு வந்திருக்கு. அது ஆயிட்டா என் வீட்டுக்காரி கவியாவையும் பிள்ளையையும் சங்கரன்கோயில்ல இருந்து கூட்டிட்டு வந்துருவேன். கல்யாணம் ஆகி ஆறு வருசத்துல சேந்து இருந்தது மொத்தம் எட்டு மாசம். பிள்ளை பேசக் கத்துக்கிட்டதை நான் பாக்கல. கேக்கவும் போறதில்ல, பாக்கவாவது வேணாமா?

பர்மனென்ட் ஆளை வெளிய போன்னு சொல்ல முடியாது, வேற டிபார்ட்மென்ட்டுக்குத்தான் மாத்தணும். அதுக்குப் பொறவு நானே போயி டாக்டர்கிட்ட சொல்லுதேன். கவியா மேல சத்தியம். ரெண்டு மாசம். பன்னெண்டாம் தேதி என்னைப் பாத்தாலும் பாக்காத மாதிரி போயிருங்க. ரிஜிஸ்டர்ல நார்மல்னு இருக்கு. அதைத் திருப்பிட்டுப் போயிருங்க.

மாசானம்


குன்றத்தூர்
14.09.2024, சனி

அன்புள்ள மாசானம் அவர்களுக்கு,

நான் என்ன செய்தேன் என்பதை மற்றவர் வாயால் நீங்கள் அறியக் கூடாது. அதனால் இதை எழுதுகிறேன்.

ஏழாம் எண் பிரஸ்ஸின் முன் பதினோரு நிமிடம் நின்றேன். உங்களை அடையாளம் காட்டச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. மற்றவர்கள் தகட்டைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், எனக்கு முதுகு காட்டி எதிரே நின்றவரின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் கண் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பதினோரு நிமிடத்தில் பிரஸ் இருபத்தாறு முறை இறங்கியது. ஒவ்வொரு முறையும் என் கைகளை நான் பின்னால் கட்டிக்கொண்டேன்.

விளக்கைச் சரிசெய்யாமல் தணிக்கையைத் தொடர மாட்டேன் என்றேன். ஒரு மணி நேரத்துக்குள் எரிந்தது. நான்கு மாதமாக முடியாதது அது.

பிறகு பதிவேடு. நாற்பத்து மூன்று பேரில் முப்பத்தெட்டுப் பேருக்கு, இரு காதுகளுக்கும், எல்லாச் சுருதிகளுக்கும் ஒரே எண்கள். எந்த இரு மனிதருக்கும் அவ்வாறு அமையாது. எஞ்சிய ஐந்து பக்கங்களில் உங்களுடையதில்தான் எண்கள் நன்றாக ஏறி இறங்கி, உண்மையானவை போலத் தோன்றின. இரண்டைத் தூக்காமல் விட்டீர்கள் அல்லவா.

நீங்கள் சொன்னபடி பக்கத்தைத் திருப்பினேன். திருப்பிவிட்டு மீண்டும் முதல் பக்கத்துக்கு வந்தேன். நாற்பத்து மூன்று பேருக்கும் பத்து நாளுக்குள் வெளி மருத்துவரைக் கொண்டு மறுபரிசோதனை நடத்த வேண்டும் என்று குறையில் பதிந்தேன். எவர் பெயரையும் குறிப்பிடவில்லை. ஆனால் பரிசோதிப்பவரின் கை தெரியாதபடி திரையிட வேண்டும் என்றொரு வாக்கியம் அதில் இருக்கிறது. அது உங்கள் கடிதத்திலிருந்து வந்தது. எழுதியபின் அடித்துவிட எண்ணினேன்; அடிக்கவில்லை.

அந்த விளக்கு மீண்டும் ஒருநாள் அணையும். இரண்டு மாதம் என்பது உங்களுக்குக் காத்திருப்பு. எனக்கு அது, ஒரு நிமிடத்துக்கு இரண்டு முறைக்கும் மேல் இறங்கும் பிரஸ்.

பாண்டுரங்கன்


மண்ணூர்
01.10.2024

பாண்டுரங்கன் சார் அவர்களுக்கு,

நேத்தோட கணக்கு முடிஞ்சுது. என்ன நடந்துச்சுன்னு ஒங்க ரெக்கார்டுக்கு எழுதிக் குடுத்துருதேன்.

டெஸ்ட்ல திரை போட்டிருந்தாங்க. கருப்புத் துணி. உள்ள ஒக்காந்து துணியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கையைத் தூக்கவே இல்ல.

டெஸ்ட்ல தேறாதவங்க மொத்தம் பதினோரு பேரு. மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. ஹெச்.ஆர். மஞ்சுளா மேடம் ஃபைலைக் குனிஞ்சு பாத்தே பேரை வாசிச்சாங்க, ஒதடு தெரியல. எனக்கென்ன, பக்கத்துலதான் தசரதன். ஒரே பிரஸ்ங்கிறதால எங்க ரெண்டு பேருக்கும் டோக்கன் நம்பர் அடுத்தடுத்து. அவன் தோளு ஒசந்தா அடுத்தது நாமன்னு அவனையே பாத்துக்கிட்டு இருந்தேன். அவன் எழும்பல. மேடம் ஃபைலை மூடிட்டு எழும்பி வந்து எங்க முன்னால மேசையைத் தட்டுனாங்க. ரெண்டு பேரையும் மூணு மூணு தடவை கூப்பிட்டாச்சாம்.

தசரதன் என்னைப் பாத்துக் கேக்கான்: “இன்னாடா மாசானம், நீ எழுந்துப்பன்னு தான்டா நான் ஒன்ன பாத்துகினு கீறேன்?”

எனக்கு வெளங்கல. “நான் ஒன் தோளைல்லா பாத்துக்கிட்டு இருந்தேன்”ன்னேன்.

“என் தோளையா? நான் ஒன் தோளத்தான் நாலு மாசமா பாத்துகினு கீறேன். லேம்ப் போன நாள்லேந்து. நீ கைய எடுத்தா நானும் எடுப்பேன். பஸ்ஸரு எனக்கு எங்க கேக்குது?”

மத்த ஒம்பது பேரும் சிரிச்சானுவ. “செவுடனுக்குச் செவுடன் செக்யூரிட்டி”ன்னான் ஒருத்தன். தசரதனும் சிரிச்சான். அப்பொறம் அவன் கையை ரெண்டையும் மேசை மேல வச்சு விரலை விரலாப் பாத்தான். நானும் என் கையைப் பாத்தேன். ரெண்டு பேருக்குமே கேக்கலன்னா நாலு மாசம் யாரு மொதல்ல கையை எடுத்தது சார்? தரைக்கு அடியில அதிர்வு வந்துச்சா, சும்மா பழக்கத்துல ஒசந்துச்சா, எனக்குத் தெரியல.

பர்மனென்ட் ஏழு பேரை பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க. கான்ட்ராக்ட் நாலு பேரை செப்டம்பரோட போதும்னுட்டாங்க. தசரதனும் நானும் அதுல. அக்டோபர் லிஸ்ட்ல என் பேருக்கு மேல பேனாவால ஒரு கோடு.

விளையாட்டுல பூட்டுனீங்க, அது விளையாட்டு. இது அப்படியா? ஒங்களை நம்பி லெட்டர்ல சொன்னேன். அதை எடுத்து ரிப்போர்ட்ல ஒரு வரியாப் போட்டுட்டீங்க. நீங்க தப்பா எதுவும் செய்யலன்னு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரைத் திட்டன்னு தெரியாமத்தான் கெடக்கேன். கவியாகிட்ட இன்னும் சொல்லல.

இனிமே எழுதாதீங்க.

மாசானம்


குன்றத்தூர்
06.10.2024, ஞாயிறு

மதிப்புக்குரிய மாசானம் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஓர் அனுமதி கேட்பதற்காக மட்டும் அதை மீறுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள், அந்தப் படிவத்தில் நான் எழுதிய ‘இல்லை’ தவறானது என்று என் மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். விசாரணை நடக்கிறது. அதுவரை தணிக்கைக்குச் செல்லக் கூடாது; ஆவண அறையில் அமர்ந்திருக்கிறேன். உங்களுக்கு நேர்ந்ததற்கு இது ஈடாகாது. தெரிந்திருக்க வேண்டியது என்பதால் தெரிவிக்கிறேன்.

இன்று மூன்று மணிக்கு நம் அணியினர் அனைவரையும் ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு ஆடச் சொன்னேன். உங்கள் உடல்நிலை பற்றி எதுவும் சொல்லவில்லை. மேற்கு வாசலில் ஒன்றரை நிமிடத்தில் பதினான்கு பேரும் இறந்தோம். எங்கிருந்து அம்பு வந்தது என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து யாக்கோபு, “தலைவர் எப்படி சார் இதுல நின்னாரு?” என்று எழுதினார். அவருக்குத் தெரிந்துவிட்டது என நினைக்கிறேன்.

இப்போது அனுமதிக்கு வருகிறேன். புதுப்பிப்பு வரும்போது துணைநிரல்களின் அமைப்புகள் அழிந்துவிடுகின்றன என்பதால், ஒவ்வொரு முறையும் அனைவரும் அவற்றின் நகலைத் தேதியிட்டு என்னிடம் அனுப்பும் வழக்கம் நம் அணியில் உண்டு. உங்களிடமிருந்து மூன்று ஆண்டுகளில் பத்தொன்பது நகல்கள் வந்திருக்கின்றன. வாங்கினேன், கோப்பில் சேர்த்தேன், படிக்கவில்லை. அந்தப் பதிவேட்டில் ஒரே எண்ணை முப்பத்தெட்டு முறை எழுதியவரைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்?

நேற்று படித்தேன். எந்தச் சுருதியிலுள்ள ஒலி வெளிச்சமாக வேண்டும் என்று ஒலிக்காட்டியில் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். 2021 ஆகஸ்டில் நாலாயிரம் ஹெர்ட்ஸ் என்ற சுருதி மட்டும். அடுத்த ஆண்டு ஆறாயிரமும் சேர்கிறது. பிறகு மூவாயிரம். இவ்வாண்டு பிப்ரவரியில் இரண்டாயிரம். நீங்கள் கேட்க முடியாமல் போனவற்றை ஒவ்வொன்றாக, தேதியோடு, நீங்களே பதிந்து வந்திருக்கிறீர்கள். இரைச்சல் காதைத் தின்னும் வரிசை இதுவேதான் என்று நான் கேட்டுப் பார்த்த காது மருத்துவர் சொல்கிறார். ஆலையின் பதிவேடு உங்களை நார்மல் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள். நான் களவு என்று புகார் செய்த அந்த வெள்ளைக் கோட்டில்தான் உங்கள் காதைப் பற்றிய உண்மை இருந்தது.

ஒப்பந்தத் தொழிலாளரானாலும் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் குழுவின் முன் உங்களுக்கு உரிமை உண்டு. இந்த வேலையால் வந்த குறைபாடு என்று நிறுவினால் மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கலாம். உறுதி கூற என்னால் இயலாது. மென்பொருள் நகலைச் சான்றாக ஏற்பார்களா என்பதும் தெரியாது. முழங்கையைப் பார்த்துக் கை தூக்கியதை நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். பதிவேட்டில் கண்டதை நான் என் வாயால் சொல்வேன். அது என் விசாரணையைக் கடினமாக்கும், அவ்வளவுதான்.

சென்ற முறை உங்களைக் கேட்காமல் உங்கள் சொல்லை எடுத்தேன். இந்தப் பத்தொன்பது நகல்களையும் உங்கள் ஒப்புதல் இல்லாமல் எவரிடமும் காட்ட மாட்டேன். வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன்.

பாண்டுரங்கன்


மண்ணூர்
20.10.2024

பாண்டுரங்கன் அண்ணாச்சிக்கு,

ரெண்டு வாரமா ஒங்க லெட்டரைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுத்தான் குடோன்ல மூட்டை எறக்கிட்டு இருக்கேன். வேர்வையில ரெண்டாம் பக்கம் பாதி அழிஞ்சு போச்சு. நாலாயிரம், ஆறாயிரம்னு நீங்க எழுதுன வரி மட்டும் அழியல.

கவியாகிட்ட சொல்லிட்டேன். வீடியோ கால்ல. வேலை போனதுக்கு அவ அழல. காது கேக்காததுக்குத்தான் அழுதா. “மூணு வருசமா நான் பேசுனது எதுவுமே கேக்கலையா? பொறவு எதுக்கு ம் ம்னு தலைய ஆட்டுனீங்க?”ன்னு கேக்கா. வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டேன்னேன். “அப்ப நான் திரும்பி நின்னு திட்டுனதெல்லாம்?”ன்னா. அதெல்லாம் தப்பிச்சுதுன்னு சொன்னேன். அழுகைக்கு நடுவுல சிரிச்சுட்டா. பிள்ளையை முன்னால பிடிச்சு நிறுத்தி, “அப்பாவுக்கு வாயைத் தொறந்து மெதுவாச் சொல்லுட்டி”ன்னு சொல்லிக் குடுத்தா.

ஒங்க மேல கோவம் போகல. அதை நான் பொய்யா எழுத முடியாது. ஆனா தசரதன் தெனமும் ரூமுக்கு வாரான். வந்து எதிர்ல ஒக்காந்துக்குவான். சில சமயம் அவன் கையையே பாத்துக்கிட்டு இருக்கான். இந்தக் கை அவனுக்கு இன்னும் இருக்குன்னா அந்த லேம்ப்பை எரிய வச்சது நீங்கதான்னு அவன் சொல்லுதான்.

அந்தப் பத்தொம்பதையும் எடுத்துக்கோங்க. முழங்கை விசயத்தை நானே சொல்லுதேன். ஆனா ஒரு கண்டிசன். தசரதன் அந்த விளையாட்டு ஆடுனவன் இல்ல. அவன்கிட்ட ஃபைலு கெடையாது, நார்மல்னு போட்ட ரிஜிஸ்டர்தான் இருக்கு. என் ஃபைலு என் காதை மட்டுந்தான் பேசும். நான் மட்டும் போயி வாங்கிட்டு வந்துட்டா அவன் மூஞ்சியில எப்படி முழிக்க? அதே பிரஸ், எனக்கு எதிர்ல நாலடி, என்னைவிட ரெண்டு வருசம் கூட. அதை நீங்க எழுதிக் குடுக்கணும். பதினோரு நிமிசம் நின்னு பாத்தீங்கல்லா, இருபத்தாறு தடவை எண்ணுனீங்கல்லா, அதை அப்படியே எழுதுங்க. ஒங்க எண்ணிக்கை இதுக்காவது ஆகட்டும். ரெண்டு பேருக்கும் சேத்து இல்லன்னா நான் வரல.

சரின்னா, 28ஆம் தேதி திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு ஈ.எஸ்.ஐ.ல டோக்கன் போட்டிருக்கு. பதில் எழுத வேண்டாம், நேரா வந்துருங்க. அங்கன கூட்டமா இருக்கும். எங்க ரெண்டு பேரையும் தூரத்துல பாத்தா பின்னால இருந்து கூப்பிடாதீங்க, திரும்ப மாட்டோம். சுத்தி முன்னால வாங்க. மாஸ்க் போட்டிருந்தா கழட்டிருங்க. எங்க எதிர்ல நின்னு, மெதுவாப் பேசுங்க.

மாசானம்